அதோ

சுட்டவன் ஐவின்ட்.
சுடச் சொன்னவர் கேப்டன் ஹல்வர்.
நான் சுட்டிக் காட்டியவன் மட்டும்.
பாய்மர உச்சியில், பீப்பாய்க்குள்,
தாடியில் உறைந்த மூச்சோடு நின்று
ஒரே ஒரு சொல் சொன்னேன்:
அதோ.

வார்டோவிலிருந்து வடக்கே ஆறு நாள்.
இருட்டே மறந்துபோன ஜூன் மாதம்.
தாயும் குட்டியும் மூச்சு விட்டுப் போயின,
ஒன்று நெட்டையாய், ஒன்று குட்டையாய்,
ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிற இருவர்போல
அவசரமில்லாமல்.

குட்டியை முதலில் அடி, என்றார் ஹல்வர்.
தாய் விட்டுப் போகாது.
எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் பிழைத்தோம்.
அன்பு எந்த இடத்தில் நிற்குமென்று அறிந்தவனுக்குக்
குறி தப்புவதில்லை.

அது போகவில்லை.
செத்ததை முதுகில் ஏந்தி ஏந்தி
மேலே தள்ளியது, நீர்ப்பரப்புக்கு,
விடு, மூச்சு விடு, என்பதுபோல.
ஐவின்டுக்கு இன்னொரு குண்டு போதுமாயிருந்தது.

அறுக்கும்போது பால் வந்தது.
வாளி வாளியாய், வெண்ணெய்போல் கெட்டியாய்.
தளம் வழுக்கியது. விழுந்தார்கள், சிரித்தார்கள்,
விழுந்தவனைப் பார்த்துச் சிரித்தவனும் விழுந்தான்.
சமையல்கார ஒட்டார் அதில் ஒரு குவளை மொண்டு
காப்பியில் கலந்து கயிற்றில் கட்டி ஏற்றினான்:
நல்ல கண்ணுக்கு நல்ல கூலி!
குடித்தேன்.
இதமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால்
மற்றதெல்லாம் பொய்.

பிறகு வெளுத்தது.
புயல் இல்லை. இடி இல்லை. கடல் எங்களைத் திட்டவில்லை.
மூடுபனி இறங்கி, நீரும் வானும் ஒட்டிக்கொண்டு
எல்லாம் ஒரே பாற்கடல்,
கடைய யாருமில்லாத பாற்கடல்.
அதற்குள் எங்கள் பின்னாலேயே
ஒரு மூச்சு. குட்டையாய்.
நின்றால் நின்றது. நகர்ந்தால் நகர்ந்தது.
இரண்டாம் நாள் ஹல்வர் பனியைப் பார்த்துச் சுட்டார்.
மூன்றாம் நாள் ஒட்டார் அழுதான்,
வெங்காயம் என்றான்; கப்பலில் வெங்காயம் தீர்ந்து
ஒரு வாரம் ஆகியிருந்தது.

நான்காம் நாள் விடியலில் பார்த்தேன்.
பனிமலை. விளிம்பில் மட்டும் நீலம்.
தூரம் இருந்தது. திருப்பியிருக்கலாம்.
என் வேலையே அதுதான், ஒரு சொல்.
வாயைத் திறந்தேன்.
நாக்கின்மேல் ஏடு படிந்திருந்தது,
ஆறிய பாலில் படிகிற ஏடு.
அதற்கடியில் அந்தச் சொல்
புரண்டது, முட்டியது,
மேலே வரவில்லை.

பத்தொன்பது பேர்.
பாய்மரம் மட்டும் மெல்லச் சாய்ந்து
என்னைப் பனியின்மேல் இறக்கி வைத்தது,
தொட்டிலிலிருந்து பிள்ளையை இறக்குவதுபோல.
என்னை ஏன் விட்டது என்று கேட்காதீர்கள்.
விடப்பட்டேன் என்று யார் சொன்னது?

ரஷ்ய மீன்படகு ஒன்று ஊர் சேர்த்தது.
ஐவின்டின் மனைவி கூன்வோர் வாசலில் நின்றாள்,
நான்கு மாதப் பிள்ளை மார்பில்.
பாலூட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்:
"நீ கத்தியிருப்பாய், டோர்கேயர்.
உன் குரல் பெரிய குரலாச்சே.
காற்றுதான் கொண்டுபோயிருக்கும், இல்லையா?"
அன்று காற்றே இல்லை.
பிள்ளை குடிப்பதை விட்டு
உதட்டில் ஒரு துளியோடு என்னைத் திரும்பிப் பார்த்தது.
ஆம், என்றேன்.

இப்போது துறைமுகத்துக்கு மேலே ஓர் அறை.
காப்பியைக் கறுப்பாகக் குடிக்கிறேன்.
பிள்ளைகள் கப்பல்களைக் கண்டு
அதோ அதோ என்று கூவும்போது ஜன்னலைச் சாத்துகிறேன்.
கூன்வோரின் மகன் அவர்களில் ஒருவன்;
அவனுக்கும் நல்ல குரல்.

இருட்டில்லாத இரவுகளில்,
ஊர் திரைபோட்டுத் தூங்கும்போது,
அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால்
ஒரு மூச்சு. குட்டையாய்.

இன்னொன்றுக்காகக்
காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன்.